மைக் செட்டில் பழுதில்லை

ஒலிபெருக்கிக்குக் கட்சி கிடையாது, எனக்கு உண்டு. ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து ஒரே சின்னம். எதையாவது மாற்றப் போகிறேன் என்று யார் கிளம்பினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எதிர்க்கட்சி கூப்பிட்டால் மைக் செட் கட்டப் போவேன். பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஆள் நான்.

அன்று மதியம் பஸ் நிலையத்துக்கு எதிரே பேச வந்தவர் ஒரு டீச்சரம்மா. முதல் தடவையாகத் தேர்தலில் நிற்கிறவர். என் மனசு அங்கே இல்லை. மருமகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது, மறுநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். "போகட்டுமா மாமா?" என்று காலையில் கேட்டார்.

"அவசரப்படாதீங்க மாப்ளே. மில்லத் தொறக்கப் போறாங்க, நம்மாளு சொல்லிட்டாரு" என்றேன். அவர் வேலை பார்த்த மில்லை மூடி ஆறு வருடம். எங்கள் கட்சிக்காரர் பேச்சை நம்பி அன்றிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, "மில்லத் தொறப்பீங்களா?" என்று கேட்டார். உடனே வால்யூமைக் குறைத்தேன். இந்தக் கேள்விக்கு எல்லாரும் "நிச்சயமாக" என்று கத்துவார்கள், மைக் வீறிடும். தொழில் பழக்கம்.

"தொறக்க முடியாதுங்க" என்றார் டீச்சரம்மா. "உள்ள போய்ப் பாத்துட்டுதான் வந்தேன். மிஷினெல்லாம் வித்துட்டாங்க, வெறும் கட்டடம்தான் நிக்குது. இதச் சொன்னதுக்காக நீங்க எனக்கு ஓட்டுப் போடாமப் போகலாம். ஆனா இனிமே காத்திருக்காதீங்க."

சத்தமே இல்லை. மைக் செத்துவிட்டது என்று பதறி ஒயரை அசைத்தேன், ஆம்பிளிஃபயரைத் தட்டினேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அத்தனை பேரும் வாயடைத்துப் போயிருந்தார்கள். முப்பது வருடத்தில் நான் கட்டிய எந்தக் கூட்டத்திலும் இப்படியோர் அமைதி வந்ததில்லை. ஓட்டுக் கேட்க வந்த இடத்தில் ஓட்டையே தூக்கிப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும். அவரையே பார்த்துக்கொண்டு, குறைத்த வால்யூமைத் திரும்ப ஏற்றினேன்.

ஒயரைச் சுருட்டிப் போட்டுவிட்டு நேரே மகள் வீட்டுக்குப் போனேன். மருமகனின் மில் சீருடை, இஸ்திரி கலையாமல் எப்போதும்போல ஆணியில் தொங்கியது.

"மாப்ளே, மில்லு தொறக்காது. நீங்க கெளம்புங்க."

"யாரு மாமா சொன்னது?"

"அந்த டீச்சரம்மா. நம்மாளு சொன்னத நான் நம்பிட்டேன். உங்களையும் உக்கார வச்சிட்டேன்."

அவர் எழுந்து சீருடையை எடுத்து மடித்தார்.

"மிஷினெல்லாம் போனது போன வருஷமே எனக்குத் தெரியும் மாமா. நீங்க ஒடஞ்சி போயிடுவீங்கன்னுதான் சொல்லல."