சுவருக்கு அடியில்

"கையை அசைக்காதீங்க" என்று அதட்டிவிட்டு, துக்கத்துக்குத் தலைமை நிற்பவர் அணியும், இரண்டு கறுப்புக் கோடு போட்ட சணல் பட்டையைத் தோக்சுவின் சட்டைக் கையில் ஊசியால் குத்தினார் ஆஸ்பத்திரித் துக்கக்கூடத்துக்காரர்.

ஹேயோனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்துப்போனது அவளுடைய அப்பா. படுத்த படுக்கையாகக் கிடந்தவருக்குக் கஞ்சி ஊட்டியதும் பீ மூத்திரம் அள்ளியதும் அவள்.

"மகள் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். இவருக்கு எதுக்குச் சித்தப்பா பட்டை?" என்று பக்கத்தில் நின்ற அப்பாவின் தம்பியிடம் கேட்டாள்.

"பையன் இல்லாத வீட்ல மருமகன்தான் கட்டணும். சாவு வீட்ல புதுச் சட்டம் பேசாதம்மா."

அவள் கணவன் தோக்சுவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். விறுவிறுவென்று வெளியேறி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மலைப்பாதையில் ஏறினாள். பூப் பார்க்க வந்திருந்தவர்கள் அவளுடைய கறுப்பு உடையைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். நேரங்காலம் தெரியாமல் மலையெங்கும் பூத்துக் கிடந்தது.

திருப்பத்தில் ஓட்டுக்கூரை தெரிந்தது. இத்தனை வருஷம் இங்கே வந்துபோயும் கண்ணில் படாத பழைய பண்டிதர் வீடு. முன்னால் ஆண்கள் உட்கார்ந்து படிக்கும் உயரமான கூடம், அப்புறம் ஒரு குறுக்குச் சுவர், அதற்குப் பின்னால் பெண்கள் கட்டு. இங்கேயும் பின்கட்டுதான் என்று முணுமுணுத்தபடி அங்கே போய் உட்கார்ந்தாள்.

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த காவல்காரர் சுவரின் அடியில் விட்டிருந்த இடைவெளியைக் காட்டினார். "அந்தச் சந்தைப் பாத்தீங்களா? வந்தவங்க காலைப் பாத்தே யாரு, எத்தனை பேருன்னு உள்ள இருக்கற பொம்பளைங்க தெரிஞ்சிக்கிட்டு உலை வைப்பாங்களாம்."

"மூஞ்சியைப் பாக்கக் கூடாது, சோறு மட்டும் போடணும். நல்லாத்தான் கட்டியிருக்காங்க."

காவல்காரர் துடைப்பத்தோடு நகர்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில் சந்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. துக்கக்கூடத்துக் கழிப்பறைச் செருப்பு.

"சோரா அம்மா? உள்ளயா இருக்க?"

பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது தோக்சுதான். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"உங்கப்பா படத்துக்குப் பக்கத்துல யாருமே இல்ல. வர்றவங்க யாருக்குத் துக்கம் சொல்றதுன்னு முழிக்கிறாங்க. சித்தப்பா கத்துறாரு."

"போய் நில்லுங்க. பட்டை உங்க கையிலதான இருக்கு."

செருப்புகள் நகரவில்லை.

"உங்கப்பா சாகுற வரைக்கும் ஒரு தடவை என்னை மாப்ளன்னு கூப்பிட்டதில்ல. இது எனக்கு அரிக்குது."

சந்து வழியாக ஒரு கை வந்து பட்டையை மண்ணில் வைத்தது.

"ஊசி?" என்றாள்.

"வளைஞ்சிடுச்சு. நிமித்துறேன், இரு."

அவள் பட்டையின் மண்ணைத் தட்டியபடி காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தான்.