ராகு காலத்துச் சீரகச் சம்பா

ஒரத்தநாட்டுச் சாலையில் இருந்த அந்த அரிசி ஆலையில், எந்த நெல் எப்போது மிஷினுக்குள் போக வேண்டும் என்று பலகையில் எழுதுவது இசைவாணியின் வேலை. அதை உள்ளங்கையால் அழிப்பது முதலாளி செந்தில்குமாரின் பழக்கம். அவள் சேர்ந்த நாளிலிருந்து, எழுதியது எழுதியபடி ஓடி முடிந்த நாள் ஒன்றுகூட இல்லை.

அவர் அழிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். ராகு காலம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆலையில் யாரும் புது நெல் தொடங்க மாட்டார்கள். முந்தைய நெல் முடிந்தால் மிஷின் நிற்கும், போன் அடங்கும். இசைவாணி மேசை டிராயரிலிருந்து நாவலை எடுப்பாள். ஏதோ குளிர்தேசத்தில் உறைந்துபோன ஆற்றின் நடுவே ஒரு படகு சிக்கிக்கிடக்கும் கதை. ஐம்பது பக்கமாக அந்தப் படகு அசையவில்லை. படகை யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. ஆறு உறைவதை அவளால் கற்பனை செய்ய முடிந்தது. அவசரமில்லாத மனிதர்களைத்தான் முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பலகையில் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். காலையில் பொன்னி. ராகு காலம் முடிந்ததும் முத்துப்பேட்டை ஹாஜா மைதீனின் சீரகச் சம்பா. பொடி நெல் என்பதால் சல்லடையைக்கூட முன்னதாகவே மாற்றி வைக்கச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை முடிய வேண்டிய நெல் அது. புதனுக்குத் தள்ளினார்கள், பிறகு வெள்ளிக்கு. இரண்டு முறையும் போன் செய்து, "கண்டிப்பா ஆயிடும் பாய்" என்று சொன்னது அவள் வாய்தான்.

பத்து மணிக்குச் செந்தில்குமார் வந்தார். பலகையைப் பார்த்தார். உள்ளங்கை நகர்ந்தது.

"கும்பகோணம் பார்ட்டி அவசரம்ங்கிறான். பன்னெண்டு மணிக்கு அவனுதை ஏத்து. நாளைக்கு ராத்திரி வரைக்கும் ஓடும்."

"சார், பாய் வீட்டுல ஞாயித்துக்கிழமை கல்யாணம். அரிசியை நாளைக்கே சமைக்கிற பண்டாரி கேட்பாரு."

"சின்ன மாற்றம்தானம்மா. கடையில வாங்கிக்கச் சொல்லு. சீரகச் சம்பாவுக்கா பஞ்சம்?"

"அது அவர் வயல்ல விளைஞ்சது சார். பொண்ணு கல்யாணத்துக்குன்னு போன வருஷத்து நெல்லை எடுத்து வச்சிருக்காரு."

"நீ பிளானிங்கா, பாய் வீட்டு மாமியாரா?" என்று சிரித்துவிட்டுத் தஞ்சாவூருக்குக் கிளம்பிப் போனார்.

கார் வாசலைத் தாண்டவும் ஹாஜா மைதீனின் சரக்கு ஆட்டோ உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. ஜும்மாத் தொழுகைக்கு இப்போதே தயாராக வந்திருந்தார்.

"சீக்கிரமே வந்துட்டேன் தங்கச்சி. பரவால்லையா?"

இசைவாணி விஷயத்தைச் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. மடித்து அடுக்கிய காலிச் சாக்குகள் கையில் இருந்தன. அவற்றை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் நான் வீட்டுல சொன்னேன். எம் பொண்ணு இந்த அத்தாகிட்ட எதுவும் கேட்டதில்ல. இந்த அரிசி ஒண்ணுதான் கேட்டா."

கத்தியிருக்கலாம். அவளால் அந்தச் சாக்குகளைப் பார்க்க முடியவில்லை, பலகையைப் பார்த்தாள். பொன்னி முடியப் போகிறது. பன்னிரண்டுக்குக் கும்பகோணம். நடுவில் வெள்ளையாக ஓர் இடைவெளி, அவளுடைய இடைவெளி.

எழுந்து மிஷின் கொட்டகைக்கு ஓடினாள். ஆபரேட்டர் தியாகராசன் கடைசிப் பொன்னியைக் காலி செய்துவிட்டு மோட்டாரை நிறுத்தப் போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிறுத்தாதீங்க. பாய் நெல்லைக் கொட்டுங்க."

"விளையாடுறியா? பத்தரைக்கு ராகு காலம். முதலாளி என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவாரு."

பின்னாலேயே வந்த ஹாஜா மைதீன், "எங்க நெல்லுக்கு ஏதுங்க ராகு காலம்?" என்றார்.

"நெல்லு உங்களுது பாய். மிஷின் யாருது?"

"அண்ணே, எது தொடக்கம்?" என்றாள் இசைவாணி. "சுவிட்ச் போடுறதா, நெல்லு கொட்டுறதா?"

தியாகராசன் யோசித்தார். "சுவிட்ச் போடுறதுதான்."

"அது காலையிலயே போட்டாச்சு. ஓடுற மிஷினை ராகு காலத்துல நிறுத்தணும்னு எந்தக் காலண்டர்ல போட்டிருக்கு?"

"நீ படிக்கிற புத்தகம்லாம் உன்னைக் கெடுத்து வச்சிருக்கு" என்றார் தியாகராசன். ஆனால் கை சுவிட்சை விட்டு இறங்கிவிட்டது. ஓட விட்டபடியே சல்லடை மாற்ற முடியாதே என்று பதறினாள். அவர் சிரித்தார். "நீதான் நேத்தே சொன்னியே, ரெண்டாவது மிஷின்ல பொடி சல்லடை மாட்டியாச்சு. அதையும் இப்பவே போட்டுடுறேன். இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க சீரகச் சம்பாவின் வாசனை எழுந்தது. ஹாஜா மைதீன் கையில் அள்ளிய அரிசியை முகர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். மூட்டைகளை ஏற்றி முடித்ததும், "ஒரத்தநாட்டுப் பள்ளிவாசல்ல தொழுதுட்டு அப்படியே போயிடுறேன். கல்யாணத்துக்கு வந்துரணும்மா" என்றார். அவள் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தனக்கு விடுமுறை கிடைக்காது என்பதை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

ஆட்டோ வெளியேறும்போது முதலாளியின் கார் வந்துவிட்டது. தியாகராசன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்: "தொடங்கல சார், தொடர்ந்துதான் ஓட்டினோம். ஐடியா இசைவாணியோடது."

செந்தில்குமார் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். சத்தம் போட்டுத் தொலைக்கட்டும் என்று இசைவாணி காத்திருந்தாள். அவர் திரும்பியபோது முகம் மலர்ந்திருந்தது.

"தொடர்ச்சி! இது தெரியாம இத்தனை வருஷமா தினம் ஒன்றரை மணி நேரத்தைச் சும்மா விட்டிருக்கோமே!"

மார்க்கரை எடுத்தார். அழிக்க அங்கே எதுவும் இல்லை. முதன்முறையாக நேராக எழுதினார். அடுத்த வாரம் முழுக்க, ஒவ்வொரு ராகு காலத்திலும், ஒரே சொல்: அவசரம்.

"நாளைக்கு ஒன்பதுக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடியே எல்லா மிஷினையும் ஓட விட்டுடு. சமர்த்தும்மா நீ."

அவர் போனதும் கும்பகோணம் பார்ட்டி போனில் வந்தார். "ஏத்திட்டீங்களா?" அடுத்து லாரிக்காரர். அதற்கடுத்து மறுபடியும் கும்பகோணம்.

மாலையில் பேருந்துக்குக் கிளம்பும்போது டிராயரைத் திறந்து நாவலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இனி அது இங்கே இருந்து பயனில்லை. நின்றுகொண்டே போகிற கூட்டத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு புத்தகம் திறக்கவும் வழியில்லை. படகு இன்னும் பனியில்தான் சிக்கிக்கிடந்தது. அதை எந்த நேரத்தில் நகர்த்துவது என்று, திட்டம் போட்டே சம்பளம் வாங்குகிற அவளுக்குத் தெரியவில்லை.