கள்ளன் கேட்ட விலை

கள்ளன் என்று அந்த நாய்க்குப் பேர் வைத்தவள் அவள்தான். வைத்த பேருக்குக் குறை வைக்காமல் அதுவும் நடந்துகொண்டது. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள், மேசை நிறையச் சின்னச் சின்னச் சாமான்கள். நூல் சுற்றும் பாபின், அளவு டேப், மூக்குக் கண்ணாடி என்று ஒன்றையும் விட்டு வைக்காது. குட்டியாக இருந்தபோது ஒருமுறை வாயிலிருந்து பிடுங்கப் போய், அது மிரண்டு பாபினை முழுங்கியே விட்டது. வயிற்றைக் கீறி எடுத்த கால்நடை மருத்துவர், இனிமேல் பிடுங்காதீர்கள், துரத்தாதீர்கள், அதற்குப் பிடித்ததை நீட்டினால் தானாகக் கீழே போடும் என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி.

டேப்புக்கு ஒரு பிஸ்கட். கண்ணாடிக்கு இரண்டு. புருஷனின் போனைத் தூக்கிய அன்று அவள் போட்ட கூச்சலுக்கு, ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு துண்டு கோழிக்கறியே கொடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் போனை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினார்கள். அதையும் எப்படியோ திறந்து எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தது. பாவி நாய், பொருளைப் பார்த்தா விலை வைத்தது? அவள் முகத்தைப் பார்த்து வைத்தது. முகம் எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு கேட்டது.

இந்த லட்சணத்தில்தான் நாத்தனாரின் கிளியும் வந்து சேர்ந்தது. நாத்தனார் புருஷனின் அக்கா. குடும்பம் குட்டி என்று எதுவும் இல்லாதவர். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கிளிதான் அவருக்கு எல்லாம். முதுகில் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கூண்டைக் கையில் கொடுத்தார். கொடுத்த கை விடவே இல்லை. "இதுக்கு ஒண்ணுன்னா என்னைக் கேளுங்க அண்ணி" என்று இவள் நெஞ்சில் கை வைத்துச் சொன்ன பிறகுதான் விட்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வரும். மணிச்சத்தம் கேட்டதுமே கிளி "ஹலோ" என்று ராகம் போடும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் நாத்தனாருக்குச் சாப்பாடு இறங்கும்.

கிளி உள்ளறையில், நாய் தையல் அறையில், நடுவில் சாத்திய கதவு. சர்க்கரை இறங்கட்டும் என்று டாக்டர்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட மூன்று வாரமும் ஒரு வம்பும் இல்லை. நாளைக்கு ஆபரேஷன் என்கிற அன்று, தைத்து முடித்த திரைச்சீலை எப்படி விழுகிறது என்று பார்க்க அதை அந்தக் கதவின் மேலேயே போட்டுவைத்தாள். துணி இடையில் மாட்டியதில் கதவு சரியாகச் சாத்தவில்லை. அதை மறந்துவிட்டு, கூண்டின் அடித்தட்டை உருவிக்கொண்டு குளியலறைக்குக் கழுவப் போனாள். திரும்பி வந்தால், அடி திறந்து கிடந்த கூண்டு காலி.

கள்ளன் தையல் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தது. வாய் மூடியிருந்தது. கடைவாயில் பச்சையாக ஒரு வால் தொங்கியது.

அவள் கத்த வாயெடுத்தாள். கத்தினால் அது இறுக்கிக் கடிக்கும் என்று அந்த பாபின் ஞாபகம் வந்து தடுத்தது. மேசையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். கள்ளன் பிஸ்கட்டைப் பார்த்தது, அவள் முகத்தைப் பார்த்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. இன்னும் அரை மணியில் புருஷன் வந்துவிடுவார். அந்த மனுஷனுக்குத் துரத்தத்தான் தெரியும்.

ஓடக் கூடாது, நடக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்து கோழிக்கறியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு திரும்பும்போது மெஷின் மேல் இருந்த போன் அடித்தது. மணி நாலு.

நாயின் வாய்க்குள்ளிருந்து, "ஹலோ" என்றது.

கள்ளனுக்கே தூக்கிவாரிப்போட்டது. காது இரண்டும் நிமிர்ந்தன, கண் உருண்டது, தாடை இறுகியதை அவள் கண்ணால் பார்த்தாள். உயிரோடு இருக்கிறதே என்று சந்தோஷப்படக்கூட நேரமில்லை. தட்டைத் தரையில் வைத்து, அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அழுகையை முழுங்கிக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரித்தாள். "வாடா வியாபாரி" என்றாள். "எல்லாம் உனக்குத்தான்."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கள்ளன் யோசித்தது. தட்டுக்குக் கிட்டே வந்து, குனிந்து, வாயைத் திறந்தது. எச்சிலில் ஊறிய துணி மாதிரி கிளி தரையில் விழுந்தது, எழுந்தது, தள்ளாடியது. ஒரு கீறல் இல்லை. அவள் அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய்க் கூண்டில் விட்டு, அடித்தட்டைப் பொருத்தி, கொக்கியைத் தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றினாள்.

மறுபடியும் போன். ஏன் எடுக்கவில்லை என்று நாத்தனார் பதறினார். கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன் என்றாள். போனைக் கம்பிக்குக் கிட்டே வைத்தாள். கிளி வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ராகம் எதுவும் இல்லாமல் சின்னக் குரலில் "ஹலோ" என்றது.

அந்தப் பக்கம் நாத்தனார் மூக்கை உறிஞ்சினார். "நாய்கூட ஒத்துப்போகுதா?"

"போகுது அண்ணி."

"இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு மாசம் எழுந்திருக்கவே கூடாதாம். இதை யாருகிட்டே விடுறதுன்னு நினைச்சு நினைச்சு நெஞ்சு அடைச்சுப்போச்சு. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

உண்மை தொண்டை வரை வந்தது. நாளைக்குக் கத்திக்குக் கீழே படுக்கப்போகிற மனுஷியிடம் எப்படிச் சொல்வது?

"சரி அண்ணி. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். தட்டை நக்கி முடித்த கள்ளன் கூண்டுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்திருந்தது. கிளியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டுக் கோழிக்கறி. இந்த வீட்டில் அதற்கு இதுவரை எதற்கும் கிடைக்காத விலை.

அவள் முகத்தை ஒன்றும் நடக்காத மாதிரி வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. கள்ளன் வாலை ஆட்டியது.