கொழுந்தன் எடுத்த சாம்பிள்

…சோப்பில் ஒட்டிய முடி, அதுவும் சுருட்டை முடி, காலையில் குளிக்கப் போனதும் கண்ணில் அதுதானா படவேண்டும், தனி சோப்பு வாங்கிக் கொடுத்தும் என்னுடையதைத்தான் எடுப்பான், கேட்டால் இளித்துக்கொண்டே மறந்துட்டேன் அண்ணி என்பான், நகத்தால் சுரண்டி எடுத்த விரலை மூன்று தரம் கழுவியும் அருவருப்பு போகவில்லை, இதோ இந்த ஜல்லிக் குவியலின் முன்னால் நிற்கும்போதும் அதே விரல்தான் கூசுகிறது… குவியலா இது, குப்பைமேடு. அடியில் பச்சை பிடித்த தண்ணீர், அதன் ஓரம் நாய் வெளிக்கு இருந்துவிட்டுப் போன அடையாளம், டீசல் நாற்றம், யாரோ காறித் துப்பியது இன்னும் காயக்கூட இல்லை, இதிலிருந்து அள்ளித்தான் ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். இரண்டாம் மாடிக்குப் போட்ட கான்கிரீட்டில் சோதனைக்கென்று வார்த்த க்யூபை இருபத்தெட்டாம் நாள் எங்கள் லேபில் மெஷினில் வைத்தேன், தாங்கவேண்டிய பாரத்தில் முக்கால்வாசிகூடத் தாங்காமல் நொறுங்கிற்று, துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் மண்சட்டை போட்டிருக்கிறது, அப்புறம் சிமென்ட் எதில் ஒட்டும்? ஆனால் என்கூடவே லேபில் வேலை பார்க்கும் கொழுந்தன் முன்னமே இங்கிருந்து எடுத்துவந்த சாம்பிளில் தூசி முக்கால் சதவீதம்தானாம், ஒரு சதவீதம்வரை விடலாம், ஆகவே தாராளமாகப் பாஸ். எப்படி வரும்? லேபை நடத்தும் பெரியவர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அதே குவியல்தாம்மா. இன்னும் பாதி அப்படியே கெடக்கு. நீ போய் எடுத்துட்டு வா. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் வந்துச்சுன்னா அவனை அன்னிக்கே அனுப்பிடுவேன், உறவுன்னு பாக்க மாட்டேன்." நான் மட்டும் பார்ப்பேனா.

உள்ளூர எனக்குச் சந்தோஷம்தான், சொன்னால் என்ன குறைந்துவிடும், அவனுக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்தவளே நான்தான், நாலு வருஷமாக வீட்டிலும் அவன் முகம் வேலையிலும் அவன் முகம், கட்டில்மேல் ஈரத்துண்டு, கடித்துத் துப்பிய நகம், அரைக் கப் டீயை ஜன்னலில் வைத்து மறந்து அதில் எறும்பு மிதக்க… இவன் எங்கேயாவது மர நிழலில் நின்றுகொண்டு குவியலின் ஓரத்திலிருந்து நாலு கை வாரிப் போட்டிருப்பான், உருண்டு வந்து விழுகிற பெரிய கல் அங்கேதான் சுத்தமாகக் கிடக்கும், இல்லையென்றால் வண்டியை விட்டே இறங்கியிருக்க மாட்டான். கிளம்பும்போது வாசல்வரை வந்த என் வீட்டுக்காரர், "அவ ஏழு மாசம்… பாத்துச் செய்" என்று மெதுவாகச் சொன்னார், தம்பி மனைவியின் வயிற்றை என் தலையில் கட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எதைப் பார்த்துச் செய்வது, மண்ணைக் கல் என்றா எழுதுவது, தப்பு செய்தவன் அங்கே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் ஏன் இங்கே முழிபிதுங்கவேண்டும்? கைக்குட்டையை மூக்கின்மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

எப்படி எடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, ஒன்பது வருஷம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று, மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் வெயில் பட்ட மேல்தோலை ஒரு சாண் ஒதுக்கிவிட்டு, மேலிருந்து கல் சரியாமல் ஒரு பலகையைக் குத்திவைத்து, அதன் கீழே ஷவலை உள்ளே செலுத்தி அள்ளி, பலகையின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டி, சாக்கில் போட்டு… மேலே ஏறினால் கால் சறுக்குகிறது, செருப்புக்குள் கல், இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது, அடியில் எடுக்கும்போது அந்தப் பச்சைத் தண்ணீர் கணுக்காலில் பட்டுவிட்டது, சீ, ஆனாலும் விட்டேனா, அள்ளு, தட்டு, போடு, இதுதான் முறை, இப்படி எடுத்திருந்தால் அவன் ரிப்போர்ட் அப்படி வருமா? எல்லாவற்றையும் பார்த்தபடி டீ கிளாசோடு நின்றிருந்தார் மேஸ்திரி, ஜல்லி இறங்குகிற நாள் எல்லாம் இங்கேயே கிடப்பவர், இவரைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே போகிறபோக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"போன தடவை எங்காளு எங்கங்க எடுத்தாரு? ஓரமாவா?"

"ஓரமா? ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. வேர்த்து விறுவிறுத்து மேல வரைக்கும் ஏறினாரு, பலகைகூட எங்கிட்டதான் கேட்டு வாங்கினாரு. அச்சு அசலா உங்கள மாதிரியேதான். அள்ளுவாரு, டக்டக்னு ரெண்டு தட்டு, அப்புறம்தான் சாக்குல போடுவாரு."

பொய் சொல்கிறாரா, இவருக்கு அதில் என்ன லாபம், பலகையைக்கூடச் சொல்கிறாரே… டக்டக். குனிந்து பலகையைப் பார்த்தேன். அதன் விளிம்பிலும், கீழே கல்லின்மேலும், என் செருப்பின்மேலும், சலித்து வைத்ததுபோலச் செம்மண் தூசி, விரலால் தொட்டுத் தேய்த்தேன், வழவழவென்று ஒட்டியது, க்யூப் துண்டில் பார்த்த அதே மண், நான் தேடி வந்தது இதைத்தானே, அள்ளியதில் இருந்ததை எல்லாம் தட்டிக் கீழே கொட்டிவிட்டுக் கல்லை மட்டும் கட்டிவைத்திருக்கிறேனே… யார் சொன்னது தட்டச் சொல்லி, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, எங்கேயும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சாக்கில் கொட்டும்போது தூசி எழும்பி வாயிலும் மூக்கிலும் அப்பியது, இரண்டு நாள் துப்பலெல்லாம் மண், தலைமுடியைத் தொடவே அருவருத்தது, அன்றைக்குத்தான் தட்டினேன், தட்டிவிட்டுப் போட்டால் தூசி எழும்பவில்லை, அவ்வளவுதான், அதற்குப் பிறகு கை தானாகச் செய்தது. அவன் சேர்ந்தபோது கூட்டிப்போய்க் காட்டியவளும் நான்தான், ரெண்டு தட்டு தட்டிட்டுப் போடு, இல்லாட்டி மூஞ்சியெல்லாம் மண்ணாகும்… சோப்பு, துண்டு, டீ கிளாஸ் என்று நாலு வருஷமாகத் தொண்டை வறளக் கத்துகிறேன், ஒன்று காதில் ஏறியதில்லை, பாவி, இதை மட்டும் கேட்டிருக்கிறான்.

இன்னொரு சாக்கை எடுத்தேன். அதே மூன்று இடம், அதே பலகை, தட்டாமல் அப்படியே கொட்டினேன், கை இரண்டு முறை பலகைப் பக்கம் போய்விட்டது, பிடித்து இழுக்கவேண்டியிருந்தது, தூசி கைக்குட்டைக்குள் புகுந்து இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது, "இன்னொன்னு எதுக்கும்மா?" என்று மேஸ்திரி கேட்டபோது சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது காலடியில் இரண்டு சாக்கு, கையில் சாம்பிள் விவரம் எழுதிக் கட்டும் ஒரே ஒரு சீட்டு. தட்டிய சாக்கில் கட்டினால் அவன் ரிப்போர்ட் சரி, அவன் தப்பித்தான், நானும் தப்பித்தேன், அடுத்த வாரம் மூன்றாம் மாடி இந்த மண்ணோடு எழும்பும், அதன்கீழ் கட்டில் போட்டு நோயாளியைப் படுக்க வைப்பார்கள். தட்டாததில் கட்டினால் கட்டடம் தப்பிக்கும், அவன் வேலையை விட்டும் வீட்டை விட்டும் போவான், ஏழு மாதக்காரி அழுவாள், நான் மட்டும் நேர்மையானவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு அவன் தொடாத சோப்பில் குளிக்கலாம்… வேண்டியதும் அதுதானே, காலையில் அதை நினைத்துத்தானே துள்ளிக்கொண்டு வந்தேன், தூ. இரண்டையும் மேஜைமேல் வைத்து உள்ளதைச் சொன்னால்? அப்புறம் ஒன்பது வருஷத்துச் சாக்குகள்? பள்ளிக்கூடம், பாலம், எங்கள் தெரு முனைத் தண்ணீர்த்தொட்டி, எத்தனை கையெழுத்து, எதில் எவ்வளவு மண் இருந்தது என்று யாரைப் போய்க் கேட்பது?

ஃபோன் அடித்தது, அவன்தான்.

"அண்ணி, எடுத்தாச்சா? பலகை வச்சீங்கள்ல, அங்க பொசுக்குனு சரியும். அப்புறம் கைய நல்லா கழுவிக்குங்க, நாய் தொல்லை, ஒரே அசிங்கம் அங்க."

சரி என்றேனா, ம் என்றேனா, வைத்துவிட்டேன், இவன் ஏன் இந்த நேரத்தில் நல்லவனாக இருக்கவேண்டும், திட்டவாவது ஒரு வழி விட்டிருக்கலாமே. சீட்டில் எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன், எடுத்த முறை என்ற இடத்தில் எப்போதும் 'வழக்கப்படி' என்று எழுதுவேன், பேனா அங்கே போய் நின்றுகொண்டது. முதலில் மேலெல்லாம் அப்பியிருக்கும் இந்தக் கண்றாவியைப் போக்கவேண்டும், சட்டைக் கையில் செம்மண், தோளில் செம்மண், குனிந்து ஒரு தட்டு தட்டினேன், தூசி பறந்தது, இரண்டாவதற்கு ஓங்கிய கை, இதுவும் அதே டக்டக்தானே என்று, ஓங்கியபடியே நின்றது, மேஸ்திரி டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்…