காலையில் அணைந்திருக்கும் விளக்கு

“இப்ப எரியுதா இல்லியா? அதை மட்டும் சொல்லுங்கக்கா.”

மெக்கானிக் கார்க் கதவில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து நின்று கேட்டான். அவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டர் கண்ணாடியை உற்றுப் பார்த்தாள். வேக முள்ளும் பெட்ரோல் முள்ளும் சமர்த்துப் பிள்ளைகளாக நின்றன. வேறு ஒன்றும் இல்லை.

“இப்ப எரியல.”

“நேத்து?”

“நேத்து எரிஞ்சுது. முந்தாநாளும் எரிஞ்சுது. காலையில கிளப்பும்போது ரெண்டு மஞ்ச லைட்டு. ஸ்டீயரிங் படம் போட்டது ஒண்ணு, வழுக்குற கார் படம் போட்டது ஒண்ணு. அது ரெண்டும் தெருவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓட்டினாப் போயிடும். அப்புறம் ஏழெட்டு வீடு முடிச்சதும் இன்ஜின் படம் போட்டது வரும். அது போகாது. சாயங்காலம் வீட்டுல கொண்டு நிறுத்துற வரைக்கும் எரியும். மறுநாள் காலையில அது இருக்காது, பழையபடி இந்த ரெண்டும்.”

“ஷிப்டு போட்டு வேலை பாக்குது போலிருக்கே.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பட்டறைக்கு இது மூன்றாவது நடை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. அன்றைக்குப் பார்த்து இந்த வண்டி வாய் திறக்காது. பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் வலி போய்விடுமே, அந்த மாதிரி. வண்டி ஏழு வயதானது, இவளுக்கு முன்பே இரண்டு கை மாறியது. இவள் கைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். தினமும் காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டு வீடுகளுக்குப் போய், படுத்தபடியோ உட்கார்ந்தபடியோ இருப்பவர்களின் கையில் ரத்தம் எடுத்து, குளிர்ப் பெட்டியில் வைத்து, எட்டரைக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். அந்த வீடுகளில் அவளுக்கு ஊசிக்காரம்மா என்று பெயர். ஒளிந்துகொள்ளும் நரம்பைக் கண்ணால் தேடமாட்டாள், விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பாள். “அந்த ஊசிக்காரம்மா வந்தாத்தான் கையைக் குடுப்பேன்” என்று பிடிவாதம் பிடிக்கிற கிழவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை, பாலத்தின் ஏற்றத்தில், வண்டி மொத்தமாகச் செத்துப் போயிற்று. விளக்கு, ஹாரன், ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் கழித்துத் தானாக உயிர் வந்தது. அதற்குள் நேரம் தவறி ஐந்து பேருடைய ரத்தம் வீண். ஐந்து பேரிடமும் போய் மறுபடி கையை நீட்டச் சொன்னாள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, கூடத்து மேடம்தான் சொன்னார்: “உங்க கையில குறை இல்ல. வண்டியிலதான் குறை. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டு உங்களைக் கவுன்ட்டர்ல உக்கார வெச்சுடுவேன். ஸ்டிக்கர் ஒட்டுற வேலை.” ஸ்டிக்கர் என்ற சொல் அன்று முழுக்க அவள் காதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் ஸ்டீயரிங்குக்கு அடியில், வண்டியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினான். சின்னத் திரையில் என்னவோ ஓடி நின்றது.

“ஒண்ணுமே இல்லக்கா. சுத்தமா இருக்கு. இப்பத்தான் பொறந்த குழந்தை மாதிரி.”

“பொய் சொல்றேன்னு நினைக்கிறியா?”

“ஐயோ, அப்படிச் சொல்வேனா?” என்றவன் ஏதோ நினைத்தவனாய்த் திரையை மறுபடி பார்த்தான். “ஆனா இவ்வளவு சுத்தமா இருக்கக் கூடாதே. ஏழு வருஷ வண்டி. ஏதாவது ஒரு பழைய தும்மல், இருமலாவது பதிஞ்சிருக்கணுமே.” பிறகு ரேடியோவுக்கு மேலே இருந்த கடிகாரத்தைக் காட்டினான். அது ஐந்து இருபது என்றது. நேரம் பத்தைத் தாண்டியிருந்தது. “இது என்ன, எப்பவும் இப்படித்தானா?”

“அது கெட்டுப் போயிடுச்சு. திருத்தி வெப்பேன், மறுநாள் தப்பாக் காட்டும். நான் கைக்கடிகாரம்தான் பாக்குறது.”

“வேற யாருகிட்டயாவது வண்டியைக் காட்டுறீங்களா?”

“உன்னை விட்டா யாருகிட்ட தம்பி போறேன்?”

அவன் பானெட்டைத் தூக்கினான். பேட்டரியின் மேல் இருந்த நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினான். தண்ணீர்ப் பாட்டில் மூடிபோலச் சுழன்றது. நட்டின் விளிம்பெல்லாம் தேய்ந்து பளபளத்தது.

“அக்கா, இங்க வாங்க. இதைத் தினம் தினம் யாரோ கழட்டி மாட்டுறாங்க. ஒயரைக் கழட்டினா வண்டிக்கு ஞாபகமே போயிடும். கடிகாரம் முதக்கொண்டு எல்லாம் அழிஞ்சுபோகும். காலையில வர்ற ரெண்டு லைட்டும் அதனாலதான். அன்னிக்குப் பாலத்துல நின்னதும் இந்த நட்டு ஆடினதாலதான் இருக்கும்.”

அவள் நட்டைப் பார்க்கவில்லை. வீட்டுக் குளியலறைக் கொடியில் கிடக்கும் துண்டு ஒன்றை நினைத்துக்கொண்டாள். அதன் ஓரத்தில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு விரல் தடங்கள். ‘எங்க போய்க் கையை வெச்சப்பா?’ என்று போன வாரம்கூட அப்பாவிடம் கத்தியிருந்தாள்.

“அப்போ அந்த இன்ஜின் லைட்டு?”

“அதுதான் தெரியல. அது இந்த ஒயரால வந்ததா, இல்ல நெசமாவே உள்ள ஒரு கோளாறு இருக்கான்னு எப்படிச் சொல்றது? சொல்ல வேண்டிய சாட்சியைத்தான் தினம் அழிச்சுட்டு இருக்காங்களே.” ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கினான். “இனிமே யாரும் தொட வேணாம். லைட்டு வந்தா அப்படியே எரிய விடுங்க. அசையாம எரிஞ்சா பரவாயில்ல, மெதுவா ஓட்டிட்டுப் போய் வேலையை முடிச்சுட்டு இங்க வாங்க. ஆனா விட்டு விட்டு மின்னுச்சுன்னா, ஓரம் கட்டிடுங்க. அதுக்கு மேல ஒரு அடி ஓட்டக் கூடாது. ஓட்டினா நடு ரோட்டுல நின்னாலும் நிக்கும், இன்ஜினே போனாலும் போகும்.”

வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். கண்ணில் நீர் அழுத்தம் வந்து, இப்போது ஆள் வருவது நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. அவள் உள்ளே வந்தபோது ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன பாப்பா, என்ன சொல்றான் உன் ஆளு?” அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

“நீ தினமும் பேட்டரி ஒயரைக் கழட்டுறியாப்பா?”

“ஆமா,” என்றார், பெருமையாக. “ராத்திரி கழட்டிடுவேன், காலையில நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி மாட்டிடுவேன். டிப்போவுல நாங்க எல்லாரும் அப்படித்தான். முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் பேட்டரி இறங்கி என் வண்டி நின்னது கிடையாது.”

“அது பஸ்சுப்பா!”

“பஸ்சுக்கு என்ன, கொம்பா இருக்கு?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார், கடைசியில் அது முணுமுணுப்பானது.

“செவ்வாக்கிழமைதானே நின்னுச்சு?” என்றார். “அன்னிக்கு ஸ்பேனர் கையில இருந்து விழுந்துடுச்சு. தேடிப் பாத்தேன், கிடைக்கல. விரலாலதான் முறுக்கினேன்.”

அவள் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள்.

“ஆனா பாப்பா, நானா முதல்ல கை வெக்கல. நீதான் ஒரு நாள் வந்து, இன்ஜின் லைட்டு எரியுதுப்பான்னு சொன்ன. அன்னிக்குத்தான் கழட்டிப் பாத்தேன். காலையில கேட்டேன், லைட்டு இருக்கான்னு. ‘போயிடுச்சுப்பா’ன்னு எவ்வளவு சந்தோஷமாச் சொன்ன! மறுநாளும் கேட்டேன், அன்னிக்கும் இல்லன்னுதான் சொன்ன. சரி, நம்ம டிப்போ வைத்தியம் இதுக்கும் கேக்குதுன்னு விடாம செஞ்சேன்.”

அது உண்மைதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் கேட்பார்: ‘இன்ஜின் லைட்டு?’ அவள் சாவியைத் திருப்பிப் பார்த்து, இல்லை என்பாள். எட்டாவது வீட்டில் அது மறுபடி வருவதை அவரிடம் சொன்னதில்லை. எதற்கு அவரைப் போட்டுக் குழப்புவது என்று நினைத்தாள்.

“அப்போ எல்லாமே என்னாலதானா?” என்றார்.

முதல் நாள் வந்த விளக்கு சும்மா வந்துவிட்டுப் போனதாகவும், பிறகு வந்ததெல்லாம் ஒயரால் ஆனதாகவும்கூட இருக்கலாம். ஆமாம் என்றால் வண்டியில் கோளாறு இல்லை என்று ஆகிவிடும், நாளையிலிருந்து நிம்மதி. இல்லை என்றால் அப்பாவுக்கு நிம்மதி. எதைச் சொல்வது, எதற்கு ஆசைப்படுவது என்றே அவளுக்குப் புரியவில்லை.

“தெரியலப்பா.”

திங்கட்கிழமை அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். “நின்னுச்சுன்னா நீ பெட்டியைத் தூக்கிட்டு டாக்ஸி பிடிச்சுப் போ. வண்டிக்கு நான் காவல் இருக்கேன். உக்காருறதுக்குக் கண்ணு எதுக்கு?” சாவியைத் திருப்பினாள். எல்லா விளக்கும் ஒரு முறை எரிந்து அணைந்தன. காலையில் வரும் அந்த இரண்டும் வரவில்லை. கடிகாரம்கூடச் சரியான நேரம் காட்டியது. எட்டு வீடு முடிந்தது. ஒன்பது, பத்து. அவள் ஒவ்வொரு வீட்டுப் படி இறங்கி வரும்போதும் அப்பா, “எத்தனை?” என்று கேட்டார். பன்னிரண்டு என்று சொல்லிப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்தபோது மணி எட்டு ஐந்து. கூடத்துக்குப் பதினைந்து நிமிட வழி. 

பெரிய சாலைச் சிக்னலில் நின்றபோது அது வந்தது.

வந்ததா என்றுகூட நிச்சயமில்லை. எதிர் வெயில் கண்ணாடியில் விழுந்து கூசியது. சிக்னலுக்கு மேலே சாய்ந்த மரத்தின் இலைகள் காற்றில் அசைய, வெளிச்சமும் நிழலும் மீட்டர் முட்களின் மேல் குதித்துக்கொண்டிருந்தன. நடுவில் மஞ்சளாக ஒன்று. மின்னியது போல இருந்தது. நிழல் வந்து போனது போலவும் இருந்தது. சிக்னலில் முப்பத்தெட்டு, முப்பத்தேழு என்று எண் இறங்கியது. நேரே போனால் கூடம். இடது ஓரத்தில் நிறுத்த இடமிருந்தது.

“என்ன பாப்பா, மூச்சு வாங்குற?”

“லைட்டுப்பா.”

“நிக்குதா, மின்னுதா?”

“வெயில்ல தெரியல. கையைக் குடு.”

அவர் சாய்ந்து கையை நீட்டினார், காற்றில் துழாவினார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணாடியின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அவர் உள்ளங்கையைக் குவித்துக் கூரைபோலப் பிடித்தார். அவள் ஸ்டீயரிங்கில் நெற்றி படும்படிக் குனிந்து அந்தக் கைக்குக் கீழே பார்த்தாள்.

“எரியுதா?”

“எரியுது.”

“அசையாமலா?”

விரல் இடுக்குகளின் வழியே வெயில் புள்ளிபுள்ளியாக இறங்கி அந்த மஞ்சளின் மேல் ஓடியது.

“கையை ஆட்டாதப்பா.”

“நான் எங்க ஆட்டுறேன்? வண்டிதான் ஆட்டுது.”

பதினொன்று. பத்து. பின்னால் எவனோ இப்போதே ஹாரனை அழுத்தினான். அவள் தன் இடது கையை அவர் கையோடு சேர்த்து வைத்து, இடுக்கு இல்லாமல் மூடினாள். நான்கு நரம்புகள் புடைத்த அந்தக் கிழக் கைக்கும் அவள் கைக்கும் அடியில், சின்ன இருட்டில், அந்த இன்ஜின் படம் இருந்தது. அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.