என் பெயரில் இரண்டு கடை

வெள்ளைக்காரர் ஆண்ட காலம், முப்பத்திரண்டாம் ஆண்டு இலங்கைக்கு வருமான வரி வந்தது. அந்த வருடமே என் ஐயா ஏழையானார்.

அதுவரைக்கும் சாவகச்சேரிச் சந்தையடியில் அவருக்கு ஐந்து கடைகள் இருந்தன. பளைப் பக்கம் தென்னங்காணி இருந்தது. அருளம்பலத்தார் என்றால் ஊரில் எழுந்து நிற்பார்கள். நொத்தாரிசு ஒரு பகல் முழுக்க எங்கள் வீட்டில் இருந்து சொத்து உறுதிகள் எழுதிவிட்டுப் போனபின் பார்த்தால், அவருக்கென்று ஒரேயொரு கடையும் தோளில் சால்வையும்தான் மிச்சம். இரண்டு கடை எனக்கு. இரண்டு கடை அண்ணை பரமலிங்கத்துக்கு. தென்னங்காணி கோயில் பிள்ளையாருக்கு. இப்படிப் பிரித்தால் ஒருவருடைய வருமானமும் வரி எல்லையைத் தொடாது. எழுதி முடிந்ததும் எல்லா உறுதிகளையும் ஐயாவே வாங்கி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பெட்டித் திறப்பு அவருடைய அரைஞாண்கொடியில் தொங்கியது. பிள்ளையாருக்குக்கூட அவர் அதைக் கொடுக்கவில்லை.

நான் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சிவக்கொழுந்து வாயாடி என்று பெயர் எடுத்திருந்தேன். அது பொய்யான பெயரும் இல்லை.

ஏழையானவர் ஐயா மட்டுமல்ல. எங்கள் தெருவில் கல்வீடு வைத்திருந்த அத்தனை பேரும் அந்த வருடம் ஏழைகளானார்கள். பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் கூடியிருந்து தேத்தண்ணி குடித்தபடி வரி போட்ட கவுண்மேந்தைத் திட்டுவார்கள்.

"லண்டனிலை கடன் வாங்கிக் காலந்தள்ளுறாங்கள். உந்தக் கடன்காரருக்கு ஏன் நாங்கள் வரி கட்டவேணும்?" என்பார் ஐயா.

நாங்கள் வரி கட்டாதபடியாலும்தான் கடன் வாங்குகிறார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கடனுக்கு வட்டி எங்கிருந்து போகிறது? சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தீர்வையை ஏற்றி, குப்பி விளக்குக்கு எண்ணெய் வாங்க வருகிற கூலிக்காரியிடம் பிடுங்குகிறார்கள். அவளுக்கு ஏது நொத்தாரிசு? தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருமானம் போதாதென்று கவுண்மேந்து செலவைக் குறைத்தது. எங்கள் ஊர் டிஸ்பென்சறியில் இருந்த மருத்துவிச்சி லூர்த்தம்மாவின் வேலை மாதக் கடைசியோடு முடிகிறது என்று அறிவித்தார்கள். அவள் குருநகர்ப் பெண். அவள் வருமுன், பிள்ளைப்பேறு என்றால் தொட்டிலோடு பாடையும் கட்டவேண்டிய ஊர் இது. என் அம்மா போனது அப்படித்தான். அண்ணையின் பெண்சாதி பாலேஸ்வரி மச்சாளுக்கு முதற்பிள்ளை கால் முன்னே வந்தபோது இரண்டு உயிரையும் காப்பாற்றியவள் லூர்த்தம்மா. மச்சாளுக்கு இப்போது மறுபடியும் எட்டு மாதம்.

"உதுவும் போனமுறை மாதிரித்தான் கிடக்குது, பிள்ளை," என்றாள் லூர்த்தம்மா, மச்சாளின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு. "நான் இல்லாட்டி பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டோட வேணும். வண்டியிலை போய்ச் சேருமட்டும் தாங்குமோ தெரியாது."

நான் ஐயாவிடம் சொன்னேன். அவர் கொதித்தெழுந்தார். உடனே மனு எழுதினார். 'ஏழைத் தாய்மாரின் உயிரைக் காக்கக் கவுண்மேந்திடம் பணமில்லையா?' என்று கோயில் மடத்தில் நின்று உரத்து வாசித்தார். வாசிக்கும்போது கண் கலங்கியது. முதற் கையெழுத்தும் அவருடையதுதான். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அந்தக் கிழமையே வரிக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் விசாரிக்க வந்தார். என் பெயரில் இருந்த கடைகளில் புடைவை வியாபாரம் செய்த முருகேசுவையும் ஐயா கூப்பிட்டு வைத்திருந்தார். எனக்கு முன்னதாகவே புத்தி சொல்லியாயிற்று.

"கடை ஆற்றை எண்டு கேட்டால் என்ரை எண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதையாதை."

உத்தியோகத்தர் கோழிக்கறியோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார். "கடையள் உங்கடையோ, தங்கச்சி?"

"ஓம். என்ரை."

"வாடகை ஆருக்குக் குடுக்கிறனீர்?"

"கொழுந்துப் பிள்ளையின்ரை கையிலைதான், ஐயா," என்றார் முருகேசு, நிலத்தைப் பார்த்தபடி.

உத்தியோகத்தரின் காரில் ஒரு கூடை மாம்பழமும் அதன் அடியில் ஒரு கடித உறையும் ஏறின. ஐயா படலையில் நின்று கும்பிட்டு அனுப்பினார்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. மாதம் பிறந்ததும் நான் முருகேசுவின் கடைக்குப் போனேன்.

"வாடகையைத் தாருங்கோ, அண்ணை."

"அது ஐயாவிட்டையெல்லோ..."

"உத்தியோகத்தருக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு மேசை லாச்சியைத் திறந்தார். நான் நேரே லூர்த்தம்மாவிடம் போனேன். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கடை சம்பளம், மிஸி. இனி மாதாமாதம் வரும். பெட்டியை அவிழுங்கோ."

"உங்கடை குடும்பத்தின்ரை தர்மம், பிள்ளை," என்று அவள் கண்ணைத் துடைத்தாள்.

"தர்மமும் இல்லை, ஒண்டும் இல்லை. கவுண்மேந்துக்குப் போகவேண்டிய காசு. எங்கடை பெட்டிக்குள்ளை ஒளிச்சுக் கிடந்தது."

நான் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஐயா முற்றத்தில் நின்றார்.

"ஆரைக் கேட்டடி வாடகை வாங்கினனீ?"

"என்ரை கடை வாடகைக்கு நான் ஆரைக் கேக்கவேணும்?"

"அது சும்மா பேருக்கு எழுதினது!"

"அப்ப கந்தோருக்குப் போய் உங்கடை எண்டு சொல்லுங்கோ. வரியைக் கட்டுங்கோ. கவுண்மேந்துக்குச் சொல்லேக்கை என்ரை, எனக்குச் சொல்லேக்கை உங்கடையோ? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ."

"உனக்கு இனி ஒரு சதம் சீதனம் இல்லை!"

"தந்திட்டியள், ஐயா. உறுதி பதிஞ்சிருக்கு."

அவர் கை ஓங்கினால் வாங்கிக்கொள்வது, காசை மட்டும் திருப்பிக் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அண்ணை தூணோடு தூணாக நின்றார். அப்போது மச்சாள் கதவைப் பிடித்தபடி வெளியே வந்தாள். மாமனாருக்கு முன்னால் அவள் வாய் திறந்து நான் கண்டதில்லை.

"மாமா, மிஸி போனால் நான் செத்துப்போவன்."

ஐயா கதிரையில் இருந்துவிட்டார்.

"நான் வரி கட்டினால் மட்டும் உவங்கள் மிஸியை வைச்சிருப்பாங்களோ? அதையும் திண்டுபோடுவாங்கள்."

"திண்டவருக்குக் கோழிக்கறி போட்டது நாங்கள்தானே. கட்டிப் பாருங்கோ, ஐயா. எங்கடை தெருவிலை இன்னும் ஒருத்தரும் கட்டிப் பாக்கேல்லை."

அவர் வரி கட்டவில்லை. என்னோடு பேசவும் இல்லை. அடுத்த மாதமும் வாடகைக்கு நான்தான் போனேன்.

மச்சாளுக்கு ஒரு மத்தியானம் வலி கண்டது. லூர்த்தம்மா ஓடி வந்து அறைக்கதவைச் சாத்தினாள். வெயில் சாயும்வரை ஐயா முற்றத்தில் மேலும் கீழும் நடந்தார். மனு வாசித்த வாய் பிள்ளையாரைக் கூப்பிட்டபடி இருந்தது. கடைசியில் பிள்ளை அழுதது, தாயும் தப்பினாள். நான் வெளியே வந்தபோது அவர் தன் கோபத்தையெல்லாம் மறந்துபோய் என்னிடமே கேட்டார்.

"என்ன பிள்ளையடி?"

"பெட்டை. இவளின்ரை பேரிலை ஒண்டும் எழுதிப்போடாதையுங்கோ, ஐயா. இவளும் திருப்பித் தரமாட்டாள்."