ஊமைக் கட்டை

1

1975, மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால். வெர்லீன் டக்வெல் எலெக்ட்ரிக் பியானோவின் மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாள்.

இந்த நேரத்தையும் அவள் பெயரையும் கற்பனையாக நான்தான் போட்டேன். என்னிடம் இருப்பது ஓர் இசைத்தட்டு மட்டும். பிலடெல்பியாவில் நான் குடியிருந்த தெருவில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது. ஆடுவதற்கான பாட்டு. வயலின்கள் பாய்ந்து வருவதற்கு முன்னால் எலெக்ட்ரிக் பியானோ தனியாக நான்கு தாளச் சுற்று வாசிக்கிறது. குறையே இல்லாத வாசிப்பு.

"முதல்ல இப்படி இல்லையாம்," என்றார் அவர். "பியானோவுல ஒரு கட்டை பேசாதாம். அந்தப் பொண்ணு அதை வெச்சே வாசிச்சாளாம்."

அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வாசித்தது யார் என்று உறையில் இல்லை. அப்போதெல்லாம் போடுவதில்லை.

இசைத்தட்டில் எல்லாக் கட்டையும் பேசுகிறது; அதன்படி அவள் தோற்றுவிட்டாள். எனக்கு அது சம்மதமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

2

விட்டுவிட்ட தொடக்கங்கள்:

"வெர்லீனின் அப்பா சர்ச்சில் ஆர்கன்" (வேண்டாம். எல்லோருடைய அப்பாவும் சர்ச்சில் ஏதோ வாசித்தார்.)

"சிறுவயதிலிருந்தே யாருக்கும் பணியாத" (முடிக்க மாட்டேன். அப்படி எழுதிவிட்டால் அவள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.)

3

திங்கட்கிழமை நடந்தது இது. தயாரிப்பாளர் ஹோரஸ் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒலிப்பதிவு அறையில் அதுதான் வழக்கம். தாளில் சுரக்கூட்டுகளின் பெயர்கள் மட்டும் இருக்கும். வாசிப்பவர்களே பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பியானோவுக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் ஊசிபோல ஓர் உருக்குக் கம்பி உண்டு. சுத்தியல் தட்டினால் அது ஒலிக்கும். அன்று மத்தியானம் ஒரு கம்பி முறிந்தது. வெர்லீன் நிறுத்தவில்லை. சுரம் வரவேண்டிய இடத்தில் "டொக்" என்றது. அடுத்த சுற்றிலும் வேண்டுமென்றே அதே கட்டையைத் தட்டினாள். ட்ரம் வாசிக்கும் டெலானோ, பெரிய ட்ரம்மின் மிதியில், அந்த "டொக்"கின் மேல் காலை வைத்தான். பாட்டு எழுந்து நடந்தது.

செவ்வாய் காலை அதே கட்டையைத் தொட்டாள். கணீரென்றது.

"யாரு கை வெச்சது?"

"நான்தான், கண்ணு." தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, ஒலிபெருக்கியில் ஹோரஸ். "ஆளைக் கூப்பிட்டுக் கம்பியை மாத்தினேன். நன்றி கின்றி சொல்லேன்."

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் நாலு மாசமா ஓடல. அதை விட்டுட்டு இதை வந்து ரிப்பேர் பண்ணினியா?"

டெலானோ சிரித்தான். வாசித்துப் பார்த்தார்கள். எல்லாச் சுரமும் இருந்தது. டெலானோவின் கால் தடுமாறியது.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"தெரியலக்கா. நேத்து இங்க ஒரு பள்ளம் இருந்துச்சு, கால் தானா விழுந்துச்சு. இன்னிக்கு ரோடு போட்டுட்டாங்க."

4

முதல் பிரதியில் ஹோரஸ் சுருட்டுப் பிடித்தார், எல்லோரையும் அதட்டினார். அதை அடித்துவிட்டேன். அவருக்கு இருந்தது நியாயமான பயம். போன இசைத்தட்டை, அச்சில் கோளாறு என்று வானொலிக்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்னொன்று திரும்பினால் இந்த அறையையே மூடிவிடுவார்கள்.

"டொக்குனு ஒரு சத்தம் கேட்டா ரெக்கார்டு கீறல்னு நினைப்பாங்க, வெர்லீன். ஆடறவன் நொண்டுவான்."

"நொண்ட மாட்டான். அந்த இடத்துல இடுப்பைப் போடுவான்."

"நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. இல்லேங்கல."

"அப்புறம்?"

"கீழே வால்டர் உட்கார்ந்திருக்கான். அவனும் பியானோ வாசிக்கிறவன்தான். சொன்னதை வாசிப்பான்."

அவள் முப்பது பாட்டுகளுக்கு வாசித்திருக்கிறாள்.* எல்லாவற்றிலும் அவள்மேல் வயலின்களைக் கொட்டி மூடினார்கள். அவளைத் தனியாக விட்ட நான்கு சுற்று இது ஒன்றுதான்.

(* முப்பது என்பது என் ஊகம். படித்துப் பார்த்த நண்பர், "இவள் பிறந்து வளர்ந்த கதை ஒரு பத்தியாவது வேண்டாமா? தமிழில் இவளுக்கு என்ன வேலை?" என்றார். அந்தப் பத்தி வராது. இவளுக்கு இங்கே வேலை இருக்கிறது.)

5

முடிவுகள்:

அ. சொன்னபடி வாசிக்கிறாள். இசைத்தட்டு சொல்வது இது. அதை எழுத நான் தேவையில்லை.

ஆ. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வெளியே பிராட் தெருவில் நிமிர்ந்து நடக்கிறாள். நீங்கள் கைதட்டலாம். ஆனால் பாட்டை வால்டரிடம் விட்டுவிட்டல்லவா போகிறாள்?

இ. வால்டர் மேலே வந்து, கேட்டுவிட்டு, அவள் பக்கம் (இல்லை. அவள் சண்டையை இன்னொருவனுக்குக் கொடுக்க மாட்டேன்.)

6

வெர்லீன் கைப்பையிலிருந்து குறடை எடுத்தாள். புதுக் கம்பியைப் பிடித்தாள்.

"அக்கா," என்றான் டெலானோ.

"காலை ரெடியா வெச்சுக்கோ."

இந்தப் பக்கம் ஒருமுறை. அந்தப் பக்கம் ஒருமுறை. கம்பி முறிந்தது. அதைப் பியானோவின் மேல், எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். கட்டையைத் தட்டிப் பார்த்தாள். டொக்.

கண்ணாடிக்குப் பின்னால் ஹோரஸ் எழுந்து நின்றார். அவருக்கு முன்னால் இரண்டு பொத்தான்கள்: ஒன்று ஒலிநாடாவை ஓட்டும், மற்றது கீழேயிருக்கும் வால்டரைக் கூப்பிடும். அவர் எதை அழுத்தினார் என்று எழுத எனக்கு மனமில்லை. இசைத்தட்டையும் இனி சாட்சிக்கு அழைக்காதீர்கள். அவர் எழுந்த நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள்.

வெர்லீன் இரண்டு கைகளையும் கட்டைகளின் மேல் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள்.

"என்ன, டேப்பை ஓட்டறியா, இல்ல அவனைக் கூப்பிடறியா?"